பெட்டியை மூடியது யார் என்று கேட்கிறார்கள், நைனா

நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாத என் நைனாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். தெருவிளக்கு வெளிச்சம் கதவோரம் கொஞ்சம் விழுகிறது. அங்கே நோட்டை வைத்து எழுதுகிறேன். நாளை காலை பத்து மணிக்கு அம்மா வேலை செய்கிற கம்பெனியில் விசாரணை. செய்யாத தப்புக்காக ஒருவருக்கு அங்கே வேலை போகப் போகிறது. அவர் அதைச் செய்யவில்லை என்பது அவரைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அம்மா, இன்னொன்று நான்.

உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி நீ போன பிறகு வந்தது.

காத்திவாக்கம் போகிற ரோட்டில் வெகுநாளாகப் பூட்டிக்கிடந்த கோடவுனை நீ பார்த்திருப்பாய். அதற்கு இப்போது வெள்ளை பெயின்ட் அடித்து, கூரை முழுக்க சோலார் தகடு மாட்டிவிட்டார்கள். பக்கத்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்து ஒரு குழாய் மதில் தாண்டி இதற்குள் வருகிறது. ஊருக்குள் புகை விடுகிறவர்களை நமக்குத் தெரியும். புகையை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி வந்தால் சந்தேகம் வராதா? எனக்கு முதல் நாளே வந்தது.

திறப்பதற்கு முன்னால் சமுதாயக் கூடத்தில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் மேகலா மேடம் திரையில் படம் காட்டிப் பேசினார். நமக்கு எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை மீன்கூடையோடு வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"புகைய புடிப்பீங்கோ, அதுக்குக் கரண்ட்டு குடுப்பீங்கோ, அது எண்ணெயா மாறிடும். நாங்க இன்னா காதுல பூ வெச்சிகினு வந்துகீறோமா?"

கூடமே சிரித்தது. மேடமும் சிரித்தார். "நியாயமான கேள்விதாம்மா. எனக்கும் காலேஜ்ல முதல்ல சொன்னப்ப நம்பிக்கை வரல" என்றார்.

பிறகு அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, நைனா. நான் அப்போது பிளஸ் ஒன். வேதியியல் எனக்குப் பிடிக்கும். உனக்கு என் பாஷையில் சொல்கிறேன். புகையில் இருக்கிற கரியமில வாயு, எரிந்து முடிந்துபோன சரக்கு. அதை மறுபடி பற்றவைக்க முடியாது. ஆனால் மின்சாரத்தைச் செலுத்தி அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிவிட்டால் அது கார்பன் மோனாக்சைடு என்ற வேறு வாயுவாகிவிடும். அது எரியும். அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்து இன்னொரு கலத்தில் சூடாக்கினால் மெத்தனால் கிடைக்கும். மெத்தனால் எரிபொருளாகவும் பயன்படும், பெயின்ட், பிசின் செய்யவும் பயன்படும். எரிந்து போனதைப் பின்னோக்கி நடக்கவைக்கிற வேலை அது.

பின்னோக்கி நடக்கவைக்கச் சும்மா முடியுமா? நான் எழுந்து கேட்டேன். "மேடம், அந்தக் கரண்ட் எங்கேருந்து வருது? நம்ம ஊர்ல கரண்ட்டுன்னா கரிய எரிச்சு எடுக்கறதுதானே? கரிய எரிச்சா புகை. அந்தப் புகைய மாத்த மறுபடி கரி எரிக்கணும்னா, இதுல யாருக்கு லாபம்?"

மேடம் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "கரி எரிச்ச கரண்ட்ல செஞ்சா நஷ்டம்தான். இங்க நிறுத்தற புகையைவிட அங்க வர்ற புகை ஜாஸ்தியா இருக்கும். வெயில்ல, காத்துல கிடைக்கிற கரண்ட்ல செஞ்சாதான் இதுக்கு அர்த்தம். கூரைல சோலார் போட்டிருக்கோம். அது பத்தாது. மீதிய ஈ.பி லைன்லேருந்துதான் எடுக்கறோம். இது இப்போ சோதனைக் கட்டம்."

பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையைச் சொல்கிறவர்களை எப்படிச் சந்தேகப்படுவது என்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. 'சோதனை' என்ற வார்த்தையை நோட்டில் எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டேன். எதை வைத்துச் சோதனை? யாரை வைத்து?

அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, அது விஷம் என்றும் மேடம் அன்றைக்கே சொன்னார். அதற்காகத்தான் சுவரில் ஒரு பெட்டி மாட்டுவோம், வாயு கசிந்தால் அது கத்தும் என்றார். அதைச் சொல்லும்போது அம்மா அங்கே இல்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மாதம் அதே அம்மா அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

நான் சண்டை போட்டேன், நைனா. சோறு சாப்பிடாமல் சண்டை போட்டேன். உன்னை எந்த மாதிரி இடத்தில் இழந்தோமோ அந்த மாதிரி இடத்துக்கே ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அங்க ஒரு பொட்டு நாத்தம் கெடயாதுடி. நான் போய்ப் பாத்துட்டேன். தரை கண்ணாடியாட்டம் கீது. மீன் மார்க்கெட்டு கலீஜுலயே உன்ன வளத்துகீறேன். ஒரு எடமாச்சும் சுத்தமா இருந்துட்டுப் போவட்டும்."

"நாத்தம் இல்லன்னாதாம்மா பயம்."

"போடி, படிச்சவ! இந்த மூக்கு இருக்கசொல்லோ எனக்கு இன்னா ஆவும்?"

அவளை மட்டும் சொல்ல முடியாது. நம்ம ஊரே மூக்கை நம்பித்தான் இருக்கிறது. மூக்கு எரிந்தால் அது எந்தப் பக்கத்துக் காற்று என்று குழந்தைகூடச் சொல்லும். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எனக்கு ஐந்து வயதில் நீதான் சொல்லிக்கொடுத்தாய். வாசனை வந்தால் ஓடு, வாசனை போனால் வா. இத்தனை வருஷம் நாம் பிழைத்தது அப்படித்தான். நீ செத்ததும் அப்படித்தான். நீ வேலைக்கு இறங்கிய அந்த டேங்குக்குள் எந்த வாசனையும் இல்லை.

அங்கே நடப்பதையெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்து சொல்வாள். சிரிப்புச் சிரிப்பாகச் சொல்வாள். அந்த இயந்திரம் பார்க்க ஒன்றுமே இல்லையாம். தடித்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீள நீளமான போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே வெள்ளிப் பொடி பூசிய தாள். வெள்ளி இருந்தால்தான் கரியமில வாயு மின்சாரத்துக்குப் பணிந்து மாறுமாம். அங்கே ஆபரேட்டராக இருக்கிற தினேஷ் அண்ணன் அதைச் சொன்னபோது அம்மா கேட்டிருக்கிறாள்: "கொலுசு வெள்ளியாப்பா?" அவர், "ஆமாங்க்கா, தேஞ்சு போச்சுன்னா உன் காலாண்டதான் வருவோம், உஷாரா இரு" என்றாராம்.

தினேஷ் அண்ணன் வியாசர்பாடி. டிப்ளமா படித்தவர். போன வருஷம்தான் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவிடம் மொபைலில் தினம் ஒரு போட்டோ காட்டுவாராம். நாளைக்கு வேலை போகப் போவது அவருக்குத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாம்பிராணி போடுவாள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் மட்டுமல்ல, எங்கே வேலை செய்தாலும் போடுவாள். கம்பெனியில் கன்ட்ரோல் ரூம் மூலையில் ஒரு சாமி படம் இருக்கிறது. சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை தூபக்காலில் கரி பற்றவைத்து, சாம்பிராணி தூவி, படத்துக்குக் காட்டியிருக்கிறாள். அப்படியே உள்ளே போய் இயந்திரத்துக்கும் ஒரு சுற்று காட்டியிருக்கிறாள். கதவுக்கு மேலே மாட்டியிருந்த பெட்டி கத்திவிட்டது. மேடம் மாடியிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாராம். உள்ளே நெருப்பே கொண்டுவரக் கூடாது என்று கோபமாகச் சொன்னாராம்.

"சாம்பிராணிக்கே இந்தக் கத்து கத்துது. பேஜாரு புடிச்ச பொட்டி" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அப்போது எனக்குத் தோன்றவில்லை. கரி சரியாக எரியாமல் கனன்றுகொண்டிருந்தால் அதிலிருந்து வருவதும் அதே கார்பன் மோனாக்சைடுதான். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பெட்டி பேஜார் பண்ணவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சரியாகச் சொன்னது. படித்ததும் வீட்டில் நடப்பதும் ஒன்றுதான் என்று எனக்கு ஏன் உடனே தெரிவதில்லை?

முந்தாநாள் ஆயுத பூஜை.

எல்லாக் கம்பெனியிலும் அன்றைக்கு இயந்திரத்தை நிறுத்திக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். இங்கே நிறுத்தவில்லை. தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்க்கிற சோதனையாம், நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். அதனால் ஓடுகிற இயந்திரத்துக்கே சந்தனம், குங்குமம். காலையில் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சாம்பிராணி வாசலோடு சரி என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பூஜை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் போனேன். எனக்குப் பொரியும் சுண்டலும் வேண்டாம், நைனா. எனக்கு உள்ளே பார்க்க வேண்டும்.

தினேஷ் அண்ணன்தான் சுற்றிக் காட்டினார். குழாய், பம்ப், அளவு காட்டும் முட்கள் எல்லாவற்றிலும் பொட்டு. தட்டு அடுக்குக்கு மாலை. நான் மேலே கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். கதவுக்கு மேலே அந்தப் பெட்டியைத் தேடினேன். அங்கே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கவர் தொங்கியது. பெட்டியின் தலையிலிருந்து அடிவரை கவரை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தது. கவருக்கு மேலே ஒரு சந்தனப் பொட்டு.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். கடைசியில் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கசிவது வெளியே தெரியக் கூடாதென்று கம்பெனிதான் மூடி வைத்திருக்கிறது, நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று நினைத்தேன்.

"இன்னாண்ணே, பெட்டிய மூடி வெச்சிகீறீங்க?" என்று சத்தமாகக் கேட்டேன்.

தினேஷ் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கவரைப் பிய்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதன் கண்ணாடியில் எண் ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. பிறகு பெட்டி கத்தியது. என் பல் வரைக்கும் அந்தச் சத்தம் இறங்கியது.

அம்மா துடைப்பத்தோடு பக்கத்து அறையிலிருந்து வந்தாள். "அய்ய, சாம்பிராணிக்குக் கத்துதுப்பா! மத்தியானம் ஒரு சுத்து காட்னேன். மேடத்தாண்ட சொல்லிடாதே."

தூபக்கால் மூலையில் இருந்தது. நான் ஓடிப்போய் அதற்குள் கையை விட்டேன். கரி ஜில்லென்று இருந்தது. எப்போதோ அணைந்துவிட்டது.

"அண்ணே, இது ஆறிப்போய்க் கீது! சாம்பிராணி இல்லண்ணே!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானத்துலேர்ந்து மண்டை வெடிக்குதுடி. வாந்தி வராப்புல கீது. வெறும் வயித்துல கெடந்தா இப்டிதான்."

அவள் பூஜைக்கு விரதம் இருந்தாள். தலைவலி விரதத்தால் என்று நினைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அந்த அறைக்குள் பெருக்கித் துடைத்திருக்கிறாள். அவள் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை.

தினேஷ் அண்ணன் சிவப்புப் பொத்தானை அடித்தார். மின்சாரம் நின்றால் அந்த வாயு பிறப்பதும் அந்த நொடியே நின்றுவிடும். அது ஒன்றுதான் அந்த இயந்திரத்தின் நல்ல குணம். ஊருக்கே கேட்கிற மாதிரி எல்லோரையும் வெளியே விரட்டினார். அம்மாவைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். அப்புறம்தான் அவரும் குனிந்து முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் உள்ளே இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேடம் அங்கேயே வந்தார். ஒரு குழாய் இணைப்பில் நட்டு தளர்ந்திருக்கிறது, அங்கேதான் கசிந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "பெட்டியை மூடினது யாரு?"

தினேஷ் அண்ணன், "நான் இல்ல மேடம்" என்றார். மேடம் ஒரு தாளை எடுத்து நீட்டினார். மணிக்கு ஒருமுறை பெட்டியைப் பார்த்து டிக் போட வேண்டிய தாள். அன்றைக்கு முழுக்க எல்லா மணிக்கும் டிக் இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"மூடியிருந்த பெட்டியைப் பாத்துட்டா டிக் போட்டீங்க?"

அவர் தலை குனிந்துகொண்டார். அம்மா சாம்பிராணி காட்டியதை அவர் சொல்லவேயில்லை.

மேடம் கட்டில் பக்கம் திரும்பினார். "அஞ்சலை, யாராவது மூடினதை நீங்க பாத்தீங்களா?"

அம்மா மாஸ்க்கை விலக்கினாள். "நான் பெருக்கிகினு இருந்தேன்மா. கவனிக்கல."

எனக்கு அந்த மஞ்சள் கவரைத் தெரியும், நைனா. நம் வீட்டுக்குப் பொரி வாங்கி வந்த கவர். அதே கடைப் பெயர் போட்ட இன்னொரு கவர் நம் அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அம்மா என் காதோரம் சொன்னாள்: "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணூர் வரைக்கும் விடவில்லை.

நேற்றுக் காலை நானே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "சாமி கும்புடசொல்லோ கத்துனா அபசகுனம்டி. ஒரு அஞ்சு நிமிஷம் மூடிட்டு எடுத்துடலாம்னுதான் போட்டேன். மறந்துட்டேன். தலைவலில மறந்துட்டேன்."

"அப்போ மேடத்தாண்ட சொல்லும்மா."

"சொன்னா? எனக்கு வேல பூட்ச்சுன்னா உன் படிப்பு இன்னா ஆவும்? அவனுக்கு டிப்ளமா கீது, வேற எங்கியாச்சும் பூந்துப்பான். எனக்கு இன்னா கீது? தொடப்பம்தான கீது."

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா, நைனா?

இன்றைக்குச் சாயங்காலம் தினேஷ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் உடம்பை விசாரித்தார். நான் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அதையே குடித்து முடித்தார்.

"யக்கா, கொஞ்சம் நெனச்சுப் பாரேன். அன்னிக்குப் பந்தல் போட்ற பசங்க வந்தானுங்களே, எவனாச்சும் கைய வெச்சானா? நிமிந்து பாக்காம டிக் அட்ச்சேன், அது என் தப்பு, நான் ஒத்துக்கறேன். ஆனா நான் மூடலக்கா. எங்க வூட்டுக்காரியாண்ட சொன்னாகூட நம்ப மாட்டேங்கறா."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலப்பா" என்றாள்.

போகும்போது என் தலையில் கை வைத்து, "உங்கம்மா பொழச்சது உன்னாலதான் பாப்பா. நல்லா கண்ணு வெச்சிகினு கீறே. அப்டியே படி" என்றார்.

அவர் தெரு முனை திரும்புகிறவரை அம்மா வாசலுக்கே வரவில்லை.

உன் விஷயத்திலும் ஒரு விசாரணை நடந்தது. உனக்கு அது தெரிந்திருக்காது. நீ டேங்குக்குள் இறங்கியபோது மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உன் தோஸ்து மணி மாமா. இறங்கச் சொல்லி உன்னை விரட்டியது சூப்பர்வைசர் என்று அவர்தான் நம் வீட்டில் அழுதுகொண்டே சொன்னார். விசாரணையில், "அவனாதான் எறங்குனான் சார்" என்று சொல்லிவிட்டார். உன் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் அவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். அவரைத் திட்டாமல் அம்மா ஒரு நாளும் விளக்கு ஏற்றியதில்லை. இப்போது அவளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அது அவளுக்குத் தெரிகிறதா? தெரிந்துதான் தரையைப் பார்த்தாளா?

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நாளைக்குப் பெரிய ஆபீசிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். தினேஷ் அண்ணன்தான் என்று முடிவு செய்துவிட்டால் எல்லோருக்கும் வசதி. நட்டு ஏன் தளர்ந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய அறைக்கு ஏன் ஒரே ஒரு பெட்டி? ஆபரேட்டருக்குச் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி உண்டாம், அன்றைக்கு அது சார்ஜில் கிடந்ததாம். பெருக்குகிற அம்மாவுக்கு அது ஏன் தரவேயில்லை? சேர்ந்த புதிதில் பயிற்சி என்று ஒரு வீடியோ போட்டார்களாம். முழுக்க இங்கிலீஷ். அம்மா வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொம்மைப் படம் மாதிரி பார்த்துவிட்டு வந்தாள். மூடினது அம்மாதான். ஆனால் மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்படி சொன்னது யார்?

அந்த இயந்திரத்தை நான் வெறுக்கவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். கரியமில வாயுவை வெயிலை வைத்து எரிபொருளாக மாற்ற முடிந்தால், நம் ஊரில்தான் அதை முதலில் செய்ய வேண்டும். புகையைக் குடித்தவர்கள் நாம்தானே. ஆனால் வாசனையே இல்லாத விஷத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் ஆளுக்கு ஆள் உண்மையைச் சொல்லாவிட்டால் வேறு எதை நம்பி உள்ளே போவது? அங்கே மூக்கு உதவாது. பெட்டி உதவும், அதை மூடாமல் இருக்கிறவரைக்கும்.

மத்தியானம் ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினேன். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். 'பெட்டியை மூடியது தினேஷ் அல்ல' என்று ஒரே வரி. கம்பெனி வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அதை நானே நம்பியிருக்க மாட்டேன். பெயர் போடத் தைரியம் இல்லாதவர் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்? தவிர, அம்மாவை முதுகுக்குப் பின்னால் நின்று காட்டிக்கொடுக்கவும் என்னால் முடியவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, நைனா. அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று பயம். அவள் என்னோடு பேசாமல் இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். நீயும் இல்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? ஆனால் முந்தாநாள் அந்த அறைக்கு நான் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போயிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அவள் இருந்திருக்க மாட்டாள். அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் அம்மா எழுந்ததும் முதலில் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். டீ போட்டுக் கொடுப்பேன். பிறகு அவளை உட்காரவைத்து, இதோ எழுதியிருக்கிற எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நானே படிப்பேன். மணி மாமாவைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டிப் போக மாட்டேன். அவள் நோட்டைப் பிடுங்கினால் மனப்பாடமாகச் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு பத்து மணிக்கு அவளோடு போவேன். அவளே சொன்னால் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் சொல்லி முடித்ததும் நட்டைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் வீடியோவைப் பற்றியும் நான் கேட்பேன். அவள் வர மாட்டேன் என்றால் தனியாகப் போவேன். என் பெயரைச் சொல்லி, அவள் பெயரையும் சொல்லுவேன்.

உனக்கும் அஞ்சலைக்கும் பிறந்த ஒரே மகள்,
சங்கீதா